சூப் ஏன் ரோஸ் ஆச்சு, அக்கா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் இத்தாலியின் போலோனியா நகரத்து முட்டைப் பாஸ்தாவைப் பற்றி எழுதியிருந்தேன். மாவும் முட்டையும் மட்டும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, நறுக்கி, ப்ரோடோ என்கிற தெளிந்த இறைச்சிச் சாற்றில் போட்டுச் சாப்பிடுவது. "கீரை, கிழங்கு என்று வீட்டில் இருப்பதை வைத்தே அதற்கு நிறம் ஏற்றலாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதம் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். நான் வேலை செய்வது இத்தாலியில், கையால் பாஸ்தா தேய்க்கும் ஒரு சின்னக் கடையில். அதனால் பாதிக் கேள்விகளைக் கடைக்கார அம்மாளிடமும் கேட்டுவிட்டேன். எழுபது தாண்டியவர். பாஸ்தாவில் மஞ்சளும் பச்சையும் தவிர வேறு நிறத்தைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பீட்ரூட் அரைத்து ஊற்றிப் பாஸ்தா மாவு பிசைந்தேன். பார்க்க அவ்வளவு அழகு! கோழி சூப்பில் போட்டதும் சூப் முழுக்க ரோஸ் ஆகி, பாஸ்தா வெளிறிப்போய்விட்டது. பிள்ளைகள் தொடவே இல்லை. எங்கே தப்பு, அக்கா? – ஒரு வாசகி, கோவை

உங்கள் கைமேல் தப்பே இல்லை. பீட்ரூட்டின் குணம் அது. அதன் சிவப்பு நிறமி தண்ணீரில் தாராளமாகக் கரையும், சூட்டையும் ரொம்ப நேரம் தாங்காது. கொதிக்கிற சூப்பில் விழுந்ததும் பாதி வெளியே ஓடிவிடும், மீதி உள்ளேயே வெளுத்துவிடும். வெண்ணெயில் புரட்டிச் சாப்பிடுகிற பாஸ்தா என்றால் இது பெரிய குறை இல்லை, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவோம். இங்கே அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கப்போகிறோம்!

அதனால் ப்ரோடோவுக்கு நிறம் தேடும்போது நான் ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன்: இது தண்ணீரில் கரைகிற சாயமா, கொழுப்போடு ஒட்டுகிற சாயமா? கேரட், பூசணி, தக்காளி, முட்டையின் மஞ்சள் கரு எல்லாம் இரண்டாவது வகை. கீரையின் பச்சையும் அப்படித்தான். மஞ்சள் கருவிலேயே கொழுப்பு இருப்பதால் இந்த நிறங்கள் அதோடு சேர்ந்து மாவுக்குள்ளேயே தங்கிவிடும், சாறு தெளிவாகவே இருக்கும். பீட்ரூட், சங்குப்பூ, ஊதா முட்டைக்கோஸ், கருப்புத் திராட்சை எல்லாம் தண்ணீர் கட்சி. கிண்ணத்தில் போட்ட அடுத்த நிமிடம் கட்சி மாறிவிடும்.

பீட்ரூட்டை விட மனசில்லை என்றால் ஒரு வழி உண்டு. தோலோடு முழுசாக ஓவனில் சுட்டோ ஆவியில் வேகவைத்தோ எடுங்கள். நறுக்கித் தண்ணீரில் வேகவைத்தால் சாயம் அங்கேயே போய்விடும். தோல் நீக்கி மசித்து, வாணலியில் ஈரம் வற்றும்வரை கிளறி, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு மாவில் சேருங்கள். லேசான புளிப்பில் இந்தச் சிவப்பு கொஞ்சம் நின்று பிடிக்கும். பாஸ்தாவைத் தனியாக உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, கிண்ணத்தில் போட்டபிறகு மேஜையில் வைத்துச் சூடான சாறு ஊற்றுங்கள். அப்போதும் கொஞ்சம் விடும். சிவப்புதான் வேண்டும் என்றால் என் ஓட்டு தக்காளி விழுதுக்கு: 200 கிராம் மைதா, ஒரு முழு முட்டை, இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு, கெட்டியான தக்காளி விழுது ஒன்றரை டேபிள்ஸ்பூன். பீட்ரூட்டின் பளபளப்பு வராது, செங்கல் நிறம்தான் வரும். ஆனால் சூப் சூப்பாகவே இருக்கும்.

நான் பலெர்மோவில் இருக்கிறேன். கடையில் விற்கிற பச்சைப் பாஸ்தா ஒரே சீராக இருக்கிறது. நான் செய்தால் புள்ளி புள்ளியாக வருகிறது, மாவும் கையில் ஒட்டுகிறது. எவ்வளவு கீரை போட வேண்டும் அக்கா? – ஒரு வாசகி, பலெர்மோ

கீரையின் அளவைவிட, கீரையில் மிஞ்சியிருக்கும் தண்ணீர்தான் உங்களைப் படுத்துகிறது. எங்கள் கடைக் கணக்கைச் சொல்கிறேன்: 300 கிராம் 00 மாவு (நைசாக அரைத்த இத்தாலிய மைதா), இரண்டு முட்டை, பிழிந்து அரைத்த கீரை 60 கிராம். அந்த 60 கிராமுக்குத் தண்டு கிள்ளிய ஸ்பினாச் இலை சுமார் 150 கிராம் வேண்டும். மஞ்சள் பாஸ்தாவுக்கு இங்கே 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று போடுவார்கள். இதில் மூன்றாவது முட்டையின் இடத்தைக் கீரை எடுத்துக்கொள்கிறது.

அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். இலையைப் போட்டு ஒரு நிமிடம், மூடவே கூடாது. இலையிலிருந்து ஆவியாகும் புளிப்பு வெளியே போக வேண்டும். மூடி அடைத்து வைத்தால் அந்தப் புளிப்பு பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், கீரை காக்கி நிறத்துக்குப் போய்விடும். எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். அடுத்தது பிழிவது. கையால் பிழிந்தால் போதாது. சுத்தமான பருத்தித் துணியில் கட்டி, ஒரு பக்கம் ஒருவர் பிடிக்க இன்னொரு பக்கத்தை முறுக்குங்கள். பச்சைத் தண்ணீர் சொட்டுவது நின்றபிறகும் இன்னொரு முறுக்கு. அவிழ்த்தால் கீரை உருண்டை கையில் ஒட்டாமல் காய்ந்த மாதிரி உதிர வேண்டும்.

புள்ளி வருவது கத்தியால் நறுக்குவதால். அந்த இரண்டு முட்டையையும் கீரையையும் சேர்த்தே மிக்சியில் நைசாக அரைத்துவிடுங்கள். தனியாக அரைத்தால் ஓடாது, தண்ணீர் ஊற்றத் தோன்றும், அங்கேதான் மாவு கெடும். அரைத்ததைச் சல்லடையில் தேய்த்து எடுத்தால் கடையில் பார்த்த அதே சீர் வரும். புள்ளி இருந்தால் வீட்டில் செய்தது என்று தெரியும், எனக்கு அதுவும் பிடிக்கும். கடைக்கார அம்மாளுக்குப் பிடிக்காது.

பிசைவது பத்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூடி அரை மணி நேரம் வைத்தால் மாவு தளர்ந்து கொடுக்கும், தேய்க்கும்போது இழுத்துக்கொண்டு சுருங்காது. அப்போதும் ஒட்டினால் தேய்க்கும் பலகையில் மாவு தூவுங்கள், உருண்டைக்குள் திணிக்காதீர்கள்.

இந்தப் பச்சைக்கு இங்கே பெரிய மரியாதை உண்டு. அடுக்கடுக்காக வைத்துச் சுடுகிற போலோனியாவின் லசான்யாவுக்கு வரும் பாஸ்தாத் தகடு பச்சைதான். அந்தச் செய்முறையை 2003-இல் நகரத்து வணிகச் சபையில் முறைப்படி பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். வசந்த காலத்தில் கீரைக்குப் பதில் ஓர்த்திகா என்றொரு காட்டுச்செடியைப் போடுவார்கள். நம்மூர்ச் செந்தட்டி மாதிரி தொட்டால் அரிக்கும், கையுறை போட்டுத்தான் பறிக்க வேண்டும். கொதிநீர் பட்டதும் அரிப்பு போய்விடும். நிறம் ஸ்பினாச்சைவிட அடர்த்தியாக இருக்கும்.

நான் எந்த நிறமும் சேர்க்காமல் வெறும் முட்டை போட்டுச் செய்தேன். உங்கள் படத்தில் தங்க மஞ்சளாக இருக்கிறது, எனக்கு வெள்ளையாக, நூடுல்ஸ் மாதிரி வந்தது. ஏன்? – ஒரு வாசகர், மதுரை

முட்டைதான் காரணம். கோழிக்கு அந்த மஞ்சளைத் தானாக உண்டாக்கத் தெரியாது, தீனியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே மக்காச்சோளத்தோடு செண்டுமல்லிச் சாறு, சிவப்பு மிளகாய்ச் சாறு கலந்த தீனியும் கொடுக்கிறார்கள். மஞ்சள் பாஸ்தா செய்வதற்கென்றே அட்டையில் அச்சிட்ட முட்டைகள் கடைகளில் கிடைக்கும். உடைத்தால் கரு ஆரஞ்சுப் பழ நிறம். அந்தச் செண்டுமல்லிச் சாற்றை எடுப்பதற்காகவே தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏக்கர் கணக்கில் பூ பயிரிடுகிறார்கள். பூ நம்முடையது, மஞ்சள் கரு அவர்களுடையது!

எடையையும் பாருங்கள். ஐரோப்பாவில் 'M' (நடுத்தர) அளவு முட்டை என்றால் ஓட்டோடு 53 முதல் 63 கிராம். உங்கள் ஊர்க் கடை முட்டை பல சமயம் 50 கிராமைத் தாண்டாது. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கை அப்படியே போட்டால் மாவு வறண்டுவிடும், நீங்கள் தண்ணீர் விடுவீர்கள், இருக்கிற மஞ்சளும் போச்சு. 300 கிராம் மைதாவுக்கு மூன்று முட்டையோடு ஒரு மஞ்சள் கரு கூடுதலாகப் போடுங்கள். நிறமும் ஏறும், ஈரமும் சரியாகும். நாட்டுக்கோழி முட்டை கிடைத்தால் கரு நிறம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, ஆனால் அளவில் சின்னது, எண்ணாமல் எடை போட்டே சேருங்கள். 300 கிராம் மைதாவுக்கு ஓடு நீக்கி மொத்தம் 160 கிராம் இருந்தால் சரி.

மஞ்சள்தூள், குங்குமப்பூ, சங்குப்பூ – இந்த மூன்றில் எது சூப்புக்கு ஒத்துவரும்? – ஒரு வாசகி, சென்னை

மஞ்சள்தூள் ஒத்துவரும். 300 கிராம் மாவுக்குக் கால் டீஸ்பூன் போதும், கூடினால் பச்சை வாசனை அடிக்கும். தண்ணீரில் அது அவ்வளவாகக் கரையாது. சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பில் கொஞ்சம் இறங்கலாம். சாறே மஞ்சள்தான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இத்தாலிய வீட்டுப் பாஸ்தாவில் மஞ்சள்தூள் பழக்கம் கிடையாது, செய்துவிட்டு இதுதான் போலோனியா முறை என்று சொல்லிவிடாதீர்கள்.

குங்குமப்பூ தண்ணீரில் கரைகிற சாயம், எனவே விடும். ஆனால் அது விடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை, சாறு தங்க நிறமாகும், மணமும் ஏறும். விலைதான் யோசிக்க வைக்கிறது. மாவில் போட்டு அதைச் சாறில் இழப்பதற்கு, நேராகச் சாறிலேயே நாலு இழை போட்டுவிடலாம்.

சங்குப்பூவை விட்டுவிடுங்கள். நீலமும் முட்டை மஞ்சளும் சேர்ந்தால் சேற்றுப் பச்சைதான் வரும். வெள்ளைக்கருவை மட்டும் போட்டுப் பிசைந்து நீலத்தைக் காப்பாற்றினாலும், சூப்பில் போட்டதும் சூப் நீலமாகிவிடும். நீல நிற கோழி சூப்பை யார் குடிப்பார்கள்?

கணவாய் மை பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். கருப்புப் பாஸ்தா அருமையானதுதான். அது கரைசல் இல்லை, நுண்ணிய துகள், வெந்தாலும் வெளுக்காது. ஆனால் அது கடலோர ஊர்களின் பண்டம், மீன் சாற்றோடு பொருந்தும். கோழிச் சாற்றில் கடல் வாசனை வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

ப்ரோடோ செய்தால் கலங்கலாக வருகிறது. கலர் பாஸ்தா போட்டும் எடுப்பாகத் தெரியவில்லை. பாஸ்தாவை அதிலேயே வேகவைப்பதா, தனியாகவா? – ஒரு வாசகி, திருச்சி

கொதிக்க விடுகிறீர்கள், அதுதான். இங்கே ப்ரோடோவைக் கொதிக்க விடுவதே இல்லை. முட்டையிட்டு ஓய்ந்த கோழியில் பாதி, மாட்டிறைச்சி அரைக் கிலோ (சாப்பிடாதவர்கள் முழுக் கோழியாகவே போடலாம்), எலும்பு ஒன்றிரண்டு, ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு. எல்லாம் மூழ்க நாலு லிட்டர் பச்சைத்தண்ணீர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் காயடித்துக் கொழுக்க வைத்த சேவல், அதாவது கப்போனே. தண்ணீர் குளிர்ந்து இருக்கும்போதே இறைச்சியைப் போடுவது முக்கியம், அப்போதுதான் சத்து மெதுவாகச் சாறில் இறங்கும். சூடேறும்போது சாம்பல் நிற நுரை வரும், கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். அப்புறம் தீயை இறக்கி, நடுவில் அங்கொரு குமிழி இங்கொரு குமிழி என்ற நிலையில் மூன்று மணி நேரம். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், நுரையும் உள்ளே சுழலும், கலங்கல் அதனால்தான். குக்கர் வைக்கிறீர்களா? விசில் வர விடாமல் சின்னத் தீயில் வைத்து, பிரஷர் தானாக இறங்கும்வரை திறக்காமல் இருங்கள். விசில் அடித்தாலோ உடனே திறந்தாலோ உள்ளே பொங்கிக் கலங்கிவிடும்.

மிளகு, சீரகம், பட்டை, இஞ்சி ஒன்றும் வேண்டாம். நம் நாக்குக்கு முதலில் சப்பென்று இருக்கும். பார்மிஜானோ சீஸின் தோலைச் சுரண்டிக் கழுவிச் சாறில் போட்டுப் பாருங்கள், அந்தச் சப்பெல்லாம் போய்விடும். உப்பைக் கடைசியில் போடுங்கள். வடிகட்ட ஈரத்துணி. மேலே படியும் கொழுப்பை முழுக்க எடுத்துவிடாதீர்கள். கிண்ணத்தில் வட்ட வட்டமாகச் சில சொட்டு மிதக்க வேண்டும்.

எதில் வேகவைப்பது என்றால், இறைச்சிப் பூரணம் வைத்த தோர்தெல்லினியைச் சாறிலேயே வேகவைப்பதுதான் இங்கே வழக்கம், பூரணத்தின் ருசியும் சாறில் சேரும். லசான்யா மாதிரியே வணிகச் சபையில் 1974 டிசம்பர் 7-இல் பதிவான அந்தப் பூரணத்தில் பன்றி இறைச்சி, உப்பிட்டுப் பதப்படுத்திய ப்ரோஷூத்தோ, மொர்ததெல்லா என்கிற பன்றி இறைச்சி சாசேஜ், பார்மிஜானோ, முட்டை, ஜாதிக்காய் எல்லாம் உண்டு. ஆனால் நிறம் சேர்த்த நறுக்குப் பாஸ்தாவைத் தனியாக உப்புத் தண்ணீரில் வேகவையுங்கள். சாயம் விடாத நிறமானாலும், தேய்க்கத் தூவிய மாவு சாறைக் கலக்கிவிடும். மெல்லிசாகத் தேய்த்தது ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். ஆளுக்கு 50 கிராம் பாஸ்தா, ஒரு கிண்ணம் சாறு.

நாங்கள் முட்டை சாப்பிடுவோம், இறைச்சி கிடையாது. காய்கறிச் சாறு வைத்து மேலே பார்மிஜானோ துருவிக்கொள்ளலாமா? – ஒரு வாசகி, கும்பகோணம்

காய்கறிச் சாறு தாராளமாக. உலர்ந்த காளான் சேர்த்தால் நிறைவாக இருக்கும், ஆனால் சாறு பழுப்பாகும், பச்சைப் பாஸ்தா அதில் எடுபடாது, மஞ்சள்தான் நல்லது. சீஸ் விஷயத்தில் கவனம்: அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரெனெட் என்ற பொருளால். சட்டப்படி அதற்கு மாற்றே கிடையாது. சுத்த சைவமானவர்கள் சைவ ரெனெட் என்று அட்டையில் போட்ட வேறு கெட்டிச் சீஸ் வாங்க வேண்டும்.

மெஷின் வாங்கலாமா, சப்பாத்திக்கட்டை போதுமா? எப்படி நறுக்குவது? – ஒரு வாசகர், சேலம்

போலோனியாக்காரர்கள் மெஷின் என்றாலே கத்துவார்கள். மரப்பலகையில் நீளக் கட்டையால் தேய்த்தால் பாஸ்தாவின் மேல் ஒரு சொரசொரப்பு வரும், அது குழம்பைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு உருளை அதை வழவழப்பாக்கிவிடும் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனால் சாறில் மிதக்கிற பாஸ்தாவுக்குப் பிடிக்க என்ன குழம்பு இருக்கிறது? இதற்கு மெஷின் போதும் என்பேன் நான். இதைக் கடையில் சொல்ல மாட்டேன்.

கட்டை என்றால் நம் குட்டைச் சப்பாத்திக்கட்டை போதாது. இங்கே கட்டை ஒரு கை நீளத்துக்கு மேல் இருக்கும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்தால் சப்பாத்திக்கட்டையிலும் சமாளிக்கலாம். எவ்வளவு மெல்லிசு? தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் அதற்கு அப்பால் குன்றின் மேலிருக்கும் சான் லூகா கோயில் தெரிய வேண்டும் என்று போலோனியாவில் சொல்வார்கள். சேலத்தில் உங்கள் கைவிரல் நிழல் தெரிந்தால் போதும்.

தாலியதெல்லே என்ற நாடா வெந்தபிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் பதிவு செய்தார்கள். போலோனியாவின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்காம் அது! சூப்புக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. தேய்த்ததைப் பத்து நிமிடம் உலரவிட்டு, மாவு தூவிச் சுருட்டி, மெல்லிய நாடாவாக அரிந்து, அதையே குறுக்காக அரிந்தால் சின்னச் சின்னச் சதுரம் வரும். குவாத்ருச்சி என்பார்கள். கரண்டியில் நிற்கும், பிள்ளைகள் சட்டையில் வழியாது. கோணல்மாணலாக வெட்டினால் மால்தல்யாத்தி. மஞ்சளும் பச்சையும் பாதிப்பாதி கலந்து போடுங்கள், அந்தச் சேர்க்கைக்கு இங்கே வைக்கோலும் புல்லும் என்று பெயர். மூன்றாவது நிறம் கலந்தால் பிறந்தநாள் அலங்காரம் போல் ஆகிவிடும்.

கோதுமை மாவில் செய்யலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

செய்யலாம், சத்து கூடும். நிறம் மட்டும் எடுபடாது. தவிட்டில் இருக்கும் நொதிகள் காற்றுப் பட்டதும் மாவைக் கருக்க வைக்கும், பச்சையெல்லாம் அழுக்காகத் தெரியும். பாதிக்குப் பாதி மைதா கலந்து, பிசைந்த அன்றே சமைத்துவிடுங்கள்.

மிஞ்சியதை வெயிலில் வடகம் மாதிரி காயவைத்து டப்பாவில் போடலாமா? – ஒரு வாசகி, தூத்துக்குடி

வேண்டாம். வடகத்தில் முட்டை இல்லை. பச்சை முட்டை சேர்ந்த மாவு உங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மெதுவாகக் காய்ந்தால் சால்மொனெல்லா பெருக இடம் கொடுத்த மாதிரி. துணியில் பரப்பி அரை மணி நேரம் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள், பிறகு தட்டோடு ஃப்ரீசரில் வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் கல்லானதும் பையில் கொட்டி மூடலாம். ஒரு மாதம் நன்றாக இருக்கும். எடுத்ததும் இளக விடாமல் அப்படியே கொதிநீரில் போடுங்கள், நேரம் அரை நிமிடம் கூடும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் என்றால் இரண்டு நாள். பச்சை மட்டும் மறுநாளே மங்க ஆரம்பித்துவிடும், அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.